தாமதத்துக்கும் கணக்கு எழுதுங்கள்

இந்தியாவின் 2025-26 பாதுகாப்பு ஒதுக்கீடு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதிய ஆயுதங்களுக்கும் கட்டுமானங்களுக்குமான மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி. விமானம் வாங்கினாலும் வீரருக்கு ரேஷன் வாங்கினாலும், கருவூலத்திலிருந்து பணம் வெளியேறுவதற்கு முன் அதைப் பார்த்து, கேட்டு, கையெழுத்திடும் ஒரு கூட்டம் இருக்கிறது. பாதுகாப்புக் கணக்குத் துறையினரும், ஐ.எஃப்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதி ஆலோசகர்களும், அமைச்சகத்தின் நிதிப் பிரிவினருமே அந்தக் கூட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து 1747ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் துறை இது.

சீருடை அணிந்தவர்களிடம் இவர்களைப் பற்றி நல்ல வார்த்தை கேட்பது அரிது. "எல்லையில் நிற்பவனுக்குத் தேவை என்ன என்று தில்லியில் நாற்காலியில் இருப்பவர் தீர்மானிக்கிறார்" என்பது பழகிப்போன குற்றச்சாட்டு. "நாங்கள் கேள்வி கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?" என்பது எதிர்த்தரப்பின் பழகிப்போன பதில். இரண்டில் எது நிற்கும் என்பதைச் சான்றுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குற்றச்சாட்டின் மிக வலுவான பகுதி காலதாமதம். 1986இல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 1,437 கோடி ரூபாய்க்கு 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமானது. மறு ஆண்டே ஊழல் புகார் வெடித்தது. அதன்பின் இந்தியா வெளிநாட்டிலிருந்து அடுத்த பீரங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2016 நவம்பரில், அமெரிக்காவின் 145 எம்-777 பீரங்கிகளுக்காக. இடையில் போன காலம் முப்பது ஆண்டுகள். கார்கில் போரில் போஃபர்ஸ் பீரங்கிகள்தான் கைகொடுத்தன என்பதை நினைத்தால் இந்த இடைவெளியின் விலை புரியும்.

வெடிமருந்துக் கையிருப்பு பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. கொடுத்த 2017 அறிக்கை இன்னும் கூர்மையானது. 2016 செப்டம்பர் நிலவரப்படி, ஆய்வுக்கு எடுத்த 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்று அது பதிவு செய்தது. 2009க்கும் 2013க்கும் இடையே தொடங்கிய கொள்முதல்களில் பெரும்பாலானவை 2017 தொடக்கத்திலும் நிலுவையில் கிடந்தன. ஆபத்து வாசலுக்கு வந்தபோதெல்லாம் அரசு செய்தது ஒன்றே: வழக்கமான பாதையை விலக்கிவிட்டுப் படைகளுக்கு நேரடி அவசர அதிகாரம் கொடுத்தது. சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூலையில், 300 கோடி ரூபாய் வரையிலான அவசர மூலதனக் கொள்முதல்களைப் படைகளே முன்னெடுக்க வழி விடப்பட்டது. நெருக்கடியில் ஒதுக்கி வைத்தாக வேண்டிய ஒரு நடைமுறை, அமைதிக் காலத்தில் மட்டும் சரியாக இருக்கிறது என்று யாரும் வாதாட முடியாது.

ஆனால் இந்தத் தாமதம் முழுவதையும் நிதி அதிகாரியின் மேசையில் இறக்கி வைப்பது நியாயமா? ஒரு மூலதனக் கொள்முதலின் பாதையைப் பார்ப்போம். முதலில் படைத் தலைமையகம் தரத் தேவைகளை வகுக்கிறது. பிறகு தேவை ஏற்பு, விலைப்புள்ளி அழைப்பு, தொழில்நுட்ப மதிப்பீடு, கள சோதனை, விலைப் பேச்சு, கடைசியில் உரிய அதிகாரியின் அல்லது அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல். இதில் அதிகக் காலத்தைத் தின்பவை கள சோதனைகளும், உலகில் எந்த ஒரு கருவியும் நிறைவு செய்ய முடியாதபடி எழுதப்படும் தரத் தேவைகளும். பீரங்கிக் கொள்முதல் திரும்பத் திரும்பச் சரிந்ததற்கு நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது ஒரு பெரிய காரணம். வெடிமருந்துப் பற்றாக்குறைக்கு அரசுத் தளவாடத் தொழிற்சாலைகள் இலக்கை எட்டாததைக் காரணமாகச் சி.ஏ.ஜி.யே சுட்டியது. ஆகவே இந்தக் குற்றச்சாட்டு பாதி அளவுக்கே நிரூபணமாகிறது. நிதிப் பரிசீலனை தாமதத்தின் ஒரு கண்ணி மட்டுமே. ஆனால் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை சிறிதும் இல்லாத கண்ணி அது.

இனி எதிர்த்தரப்பின் வாதம். நிதிக் காவல் இல்லாவிட்டால் என்ன நேரும்? இதற்கு ரஃபேல் கோப்பை அருகில் வைத்துப் படிப்பது பயன் தரும். 36 போர் விமானங்களுக்காகப் பிரான்சுடன் பேசிய இந்தியக் குழுவில் ஏழு பேர். நால்வர் ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள். மூவர் 2016 ஜூன் 1 அன்று மாற்றுக் கருத்தை எழுத்தில் கொடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் செலவுக் கணிப்பு ஆலோசகர், இன்னொருவர் விமானப்படைக்கான நிதி மேலாளர், மூன்றாமவர் கொள்முதல் மேலாளரான இணைச் செயலர். விலை, வங்கி உத்தரவாதம் இல்லாமை, அதற்குப் பதிலாகப் பிரெஞ்சுப் பிரதமரின் உறுதிக் கடிதத்தை மட்டும் ஏற்றது எனப் பல இடங்களில் அவர்கள் மறுப்பை எழுதினார்கள். பெரும்பான்மை அவர்களை மீறியது. 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

மூவர் சொன்னது சரியா? 2019 பிப்ரவரியில் வந்த சி.ஏ.ஜி. அறிக்கை, ஒட்டுமொத்த விலை, இதே விமானத்துக்கு 2007இல் வந்த விலைப்புள்ளியின் அடிப்படையில் கணித்ததைவிட 2.86 விழுக்காடு குறைவு என்றது. அந்த அளவில் மூவரின் விலை வாதம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் அதே அறிக்கை, வங்கி உத்தரவாதம் கொடுக்காததால் விற்பனையாளருக்கு மிச்சமான தொகை இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த இடத்தில் மூவரின் கேள்வி நின்றது. உச்ச நீதிமன்றம் 2018இலும் 2019இலும் விசாரணை கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. மூவரும் வென்றார்களா தோற்றார்களா என்பதைவிட, பெயர் போட்டு, காரணம் எழுதி, கோப்பில் மறுப்பை விட்டுச் சென்றார்கள் என்பதே முக்கியம். பின்னர் நாடு முழுவதும் அந்த ஒப்பந்தத்தை எடைபோட முடிந்ததற்கு அந்த எழுத்தும் ஒரு காரணம். ஒப்பந்தம் தடைபடவில்லை, விமானங்களும் வந்தன. நிதி அதிகாரியின் சுதந்திரத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அவசரத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். கார்கில் காலக் கொள்முதல்களை ஆராய்ந்த சி.ஏ.ஜி. 2001இல் கொடுத்த அறிக்கையில், அவசரம் என்று சொல்லி வாங்கிய பொருள்களில் பெரும்பகுதி சண்டை ஓய்ந்த பிறகே வந்து சேர்ந்தது என்று பதிவானது. வீரர்களின் உடலைக் கொண்டுவர வாங்கிய அலுமினியப் பெட்டிகள் ஒப்பந்தத்தில் சொன்னதைவிடப் பன்மடங்கு கனமாக இருந்தன என்பது நாடாளுமன்றத்தையே உலுக்கியது. ஆனால் அந்த விவகாரத்தின் முடிவு வேறு: குற்றம்சாட்டப்பட்ட ராணுவ அதிகாரிகளை 2013இல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சுமந்த பழிக்கு ஈடு எதுவும் இல்லை.

இங்குதான் நோயின் வேர் தெரிகிறது. ஒரு கோப்பில் கையெழுத்திட்டதற்காகப் பின்னாளில் சி.பி.ஐ. வரலாம், சி.ஏ.ஜி. கேட்கலாம், ஊழல் கண்காணிப்பு ஆணையம் விளக்கம் கோரலாம். அதே கோப்பை இன்னொரு கேள்வியுடன் திருப்பி அனுப்பியதற்காக யாரும் ஒருநாளும் விளக்கம் கேட்டதில்லை. கையெழுத்துக்குத் தண்டனை உண்டு, தாமதத்துக்கு இல்லை என்றால், அறிவுள்ள எந்த அதிகாரியும் எதைத் தேர்ந்தெடுப்பார்? இது தனிமனிதக் கோழைத்தனம் அல்ல. அமைப்பு கற்றுக்கொடுத்த பாடம். ஒரு கேள்வியால் மிச்சமான ரூபாயைக் கோப்பு காட்டும். அந்தக் கேள்வியால் கழிந்த ஆறு மாதத்தில் ஏறிய விலையையோ, பழைய கருவியைப் பராமரிக்க ஆன செலவையோ, படைப்பிரிவு வெறுங்கையோடு இருந்த காலத்தையோ எந்தக் கோப்பும் காட்டாது. வரவு மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேட்டைக் கணக்கு என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

அடுத்தது ஆண்டு வரவுசெலவின் பிரச்சினை. இதில் நிதி அதிகாரியின் மேல் பழி போட முடியாது. ஒப்பந்தமாகி, தயாராகி, பணம் கொடுத்து முடிய ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகும் பொருளுக்கு, மார்ச் 31 அன்று காலாவதியாகும் பணத்தை ஒதுக்குகிறோம். கடைசி மாதத்தில் செலவைக் குவிப்பதை நிதி விதிகள் ஒழுங்கு மீறல் என்கின்றன. செலவாகாத பணமோ கருவூலத்துக்குத் திரும்புகிறது. 2024-25இல் 1.72 லட்சம் கோடியாக இருந்த மூலதன ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் 1,59,500 கோடியாகச் சுருங்கியது. படைகள் பணமில்லை என்று சொல்லும் அதே நாட்டில் 12,500 கோடி ரூபாய் கைவிட்டுப் போகிறது.

இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. 2004 பிப்ரவரியில் அன்றைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் காலாவதியாகாத 25,000 கோடி ரூபாய் நவீனமயமாக்கல் நிதியை அறிவித்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது நிதி ஆணையம், 2021-26க்கு 2,38,354 கோடி ரூபாய்க்கு அத்தகைய நிதியைப் பரிந்துரைத்தது. அரசு கொள்கை அளவில் ஏற்றது, அதற்குமேல் நகரவில்லை. அமெரிக்காவில் ஆயுதக் கொள்முதலுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்துக்கு மூன்று ஆண்டும், கப்பல் கட்டும் பணத்துக்கு ஐந்து ஆண்டும் உயிர் உண்டு. அமெரிக்க முறையை அப்படியே புகழ்வதற்கும் இல்லை. 2018இல் முழுத் தணிக்கை தொடங்கியது முதல் பென்டகன் ஒருமுறைகூடத் தேறியதில்லை. பணத்துக்கு நீண்ட ஆயுள் கொடுத்தால் கணக்கும் அதற்கேற்ற உறுதியோடு இருக்க வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் கற்க வேண்டியது.

பாதுகாப்புக் கணக்குத் துறையின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. அதைப் பற்றிய பேச்சு குறைவு. ஒரே துறை செலவுக்கு முன் நிதி ஆலோசனை சொல்கிறது, பிறகு பணம் கொடுக்கிறது, கணக்கு எழுதுகிறது, உள்தணிக்கையும் செய்கிறது. தன் ஆலோசனையைத் தானே தணிக்கை செய்யும் ஒருவரிடமிருந்து கடுமையான தணிக்கையை எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது. மேலும், வாங்கும் பொருளின் ஆயுள் முழுக்க ஆகும் செலவைக் கணிக்கும் திறன் தனிப் பயிற்சியைக் கோருவது. பொதுப் பணித் தேர்வில் வந்து, ஓய்வூதியக் கணக்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல் விலைப் பேச்சுக்கு மாற்றலாகும் அதிகாரியிடம் அது தானாக வந்துவிடாது.

ஓய்வூதியத்தையும் சேர்த்தே இத்துறையை எடைபோட வேண்டும். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களை 'ஸ்பர்ஷ்' என்ற இணைய ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது உண்மையான சாதனை. இடைத்தரகும் காகிதமும் குறைந்தன. ஆனால் 2022 ஏப்ரலில், ஆண்டு அடையாளச் சான்று வங்கிகள் வழியாக உறுதியாகவில்லை என்பதால் சுமார் 58,000 பேருக்கு மாத இறுதியில் ஓய்வூதியம் வரவாகவில்லை. எதிர்ப்புக் கிளம்பியபின் அமைச்சகம் ஒருமுறைத் தளர்வு அளித்து, மே முதல் வாரத்தில் பணத்தைப் போட்டது. விதிப்படி பார்த்தால் நிறுத்தியது சரி. நாலு நாளில் தளர்த்த முடிந்ததென்றால், நிறுத்துவதற்கு முன்பே தளர்த்தியிருக்கலாம். பணத்தை நிறுத்துவது இயல்பு, கொடுப்பது சலுகை என்று பழகிய மனநிலையின் வெளிப்பாடு இது. எண்பது வயது முன்னாள் ஹவில்தாருக்கோ அவர் மனைவிக்கோ அந்த நாலு நாள் சின்ன விஷயம் அல்ல.

2025இல் நடந்த இத்துறைக் கட்டுப்பாட்டாளர்களின் மாநாட்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், கட்டுப்படுத்துபவர் என்ற நிலையிலிருந்து உதவுபவர் என்ற நிலைக்கு இத்துறை மாற வேண்டும் என்றார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஓய்வூதியத்துக்கும் அன்றாடக் கொள்முதலுக்கும் அது முற்றிலும் பொருந்தும். 2021இல் படைகளின் நிதி அதிகார வரம்பை உயர்த்தியதும், 2009க்குப் பிறகு 2025இல்தான் கொள்முதல் கையேட்டைப் புதுப்பித்ததும் அந்தத் திசையில் சரியான அடிகள். இரண்டாவது அடிக்குப் பதினாறு ஆண்டு எடுத்துக்கொண்டது சரியல்ல. ஆனால் பல்லாயிரம் கோடி ரூபாய் மூலதன ஒப்பந்தத்தின் பேச்சு மேசையில் உட்காரும் நிதி அதிகாரியை 'உதவுபவர்' ஆக்கிவிட்டால், ரஃபேல் கோப்பில் அந்த மூவர் எழுதிய பக்கம் அடுத்த கோப்பில் இருக்காது. அங்கே அவர் வேலை உதவுவது அல்ல, தேவைப்பட்டால் மறுப்பது.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்த நிதிக் காவல் வேண்டும். அதன் சுதந்திரம் குறையக் கூடாது. அது இன்று இயங்கும் விதத்தை மட்டும் ஏற்க முடியாது. நிதி ஆலோசகர் தன் கேள்விகள் அனைத்தையும் ஒரே தடவையில், குறித்த நாளுக்குள் கேட்க வேண்டும். மறுப்பைப் பெயரோடும் காரணத்தோடும் எழுத வேண்டும். முடிவெடுப்பவர் அதை மீறினால் அவரும் காரணம் எழுத வேண்டும். ஒவ்வொரு பெரிய கோப்பிலும் மிச்சப்படுத்திய தொகைக்குப் பக்கத்திலேயே தாமதத்தால் ஆன செலவும் எழுதப்பட வேண்டும், சி.ஏ.ஜி. இரண்டையும் தணிக்கை செய்ய வேண்டும். நேர்மையாக எடுத்து, பிழையாகிப்போன முடிவுக்கு அதிகாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. உள்தணிக்கையை ஆலோசனையிலிருந்து பிரிக்க வேண்டும். காலாவதியாகாத நிதியை இனியும் அறிக்கையில் வைத்திருக்கக் கூடாது. இவற்றில் முதல் மூன்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, கூடுதல் பணமும் வேண்டியதில்லை. அமைச்சகத்தின் ஓர் ஆணை போதும். அது இன்னும் பிறக்கவில்லை என்பதற்கான பொறுப்பு நிதி அதிகாரிகளுடையது அல்ல. அவர்களுக்கு மேலே இருப்பவர்களுடையது.