பாம்பு வருமுன் பெட்டி தயாராக வேண்டும்: இங்க்பேர்ட் ஐ.டி.சி-308

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதன்முதலாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படுபவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது பால் பைத்தான். கானா, டோகோ, பெனின் பக்கத்துச் சிறிய மலைப்பாம்பு இது. விஷமில்லை, சாது. வளர்ந்தாலும் ஐந்தடியைத் தாண்டுவது அரிது. ஆயுள்தான் கெட்டி. 1961-இல் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்த பெண் பாம்பு ஒன்று, பல ஆண்டுகளாக ஆண் பாம்பின் வாடையே இல்லாமல் இருந்தும், 2020-இல் அறுபது வயதைக் கடந்த நிலையில் முட்டையிட்டது. வீட்டில் வளர்ந்தாலே இருபது, முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிர் அது. வாங்கிவந்த சில வாரங்களிலேயே இரையைத் தொடாமல் சுருண்டு கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும்தான்.

இந்தியாவில் பாம்பு வளர்ப்புக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் போன்ற, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024-இல் வந்த விதிகளின்படி, பாம்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் செல்லப்பிராணியாகப் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. பெட்டியின் ஒரு கோடி 32 டிகிரி செல்சியஸ், மறுகோடி 25, 26 என்று இருந்தால், அது தேவைக்கேற்ப இங்கும் அங்கும் நகர்ந்து சமாளித்துக்கொள்ளும். தின்ற எலி செரிப்பதற்கும் அந்தச் சூடு வேண்டும். இதற்காகக் கடையில் விற்கும், பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்று விரிப்பான ஹீட் மேட்டை நேரே பிளக்கில் செருகினால் 40 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். சுடுகிறதே என்று பாம்பு எப்போதும் விலகிப் போவதில்லை. அதன்மேலேயே படுத்துக் கிடந்து வயிற்றுச் செதில் வெந்துபோவதும் உண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைப் போடவே கூடாது என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அப்படியொரு தெர்மோஸ்டாட்தான் இங்க்பேர்ட் ஐ.டி.சி-308. இது பாம்புக்கென்று பிறந்த கருவி அல்ல. வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடமும் பழைய குளிர்பதனப் பெட்டி வைத்திருப்பவர்களிடமும் பெயர் வாங்கியது. விலை சுமார் 35 டாலர் என்பதால் பாம்பு வளர்ப்பவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கைக்கு அடங்கும் கறுப்புப் பெட்டி. சூடாக்க ஒன்று, குளிர்விக்க ஒன்று என்று இரண்டு சாக்கெட். இரண்டு மீட்டர் ஒயரின் நுனியில் சென்சார். திரையில் மேல் வரிசை இப்போதைய சூடு, கீழ் வரிசை நாம் கேட்ட சூடு.

செட் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அமைப்புகளுக்குள் போகலாம். டி.எஸ் என்பது வேண்டிய வெப்பநிலை. அடுத்து வரும் எச்.டி-யைத்தான் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஆலையிலிருந்து அது 2 டிகிரியாக வருகிறது: 32-இல் அணையும் மேட், 30-க்கு இறங்கும்வரை திரும்ப எரியாது. பீர் பாத்திரத்துக்கு அது போதும். பாம்புக்கு 0.5 என்று குறைப்பது நல்லது. கருவியின் அளவீடு ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம் என்பதால், நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் சென்சாரை முக்கி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தை, அளவைத் திருத்தும் சி.ஏ-வில் ஏற்றிவிடலாம்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டால் அது குளிர்ச்சியைக் காட்டும். மேட் எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே டேப் போட்டு ஒட்டினாலோ, இரவெல்லாம் மூலை முடுக்கைத் துழாவும் பாம்பு அதை நெம்பிவிடும். பசை செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோலே கிழியும். பெட்டிக்கு வெளியே, அடிக் கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் சென்சாரை வைப்பதே சரி. பிறகு அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை எடுத்து, உள்ளே பரப்பிய தென்னை நார்த்தூளை விலக்கி, அடிக் கண்ணாடியின் மேல்பரப்பை நேராக அளக்க வேண்டும். பாம்பு தூளைத் தோண்டி அங்கே போய்ப் படுக்கும். அந்த இடம் 32 காட்டும்வரை டி.எஸ்-ஐச் சிறிது சிறிதாக ஏற்றலாம். திரையில் உள்ள எண் அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கக் கண்ணாடி வழியாகக் குறிவைத்தால் அந்தக் கண்ணாடியின் சூடுதான் வரும்.

சென்சார் கழன்று தரையில் விழுந்தால் என்ன ஆகும்? அறையின் 22 டிகிரியைப் பெட்டியின் சூடு என்று நம்பி, கருவி மேட்டை விடாமல் எரிக்கும். இங்கேதான் ஏ.எல் என்னும் கீழ் எல்லை எச்சரிக்கை கைகொடுக்கிறது. அதை 28-இல் வைத்தால், சென்சார் நழுவிய சற்று நேரத்தில் பஸ்ஸர் கத்தும். முதல்முறை மேட் சூடேறும்வரையும் கத்தத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளலாம்.

குறையும் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி போல, முழுதாக எரிவது அல்லது முழுதாக அணைவது, இரண்டுதான் இதற்குத் தெரியும். மேட்டுக்கு அது போதும். மேட்டுக்குப் பதிலாகச் சூட்டுக்கு ஹாலோஜன் பல்பை இதில் மாட்டினால் பளிச் பளிச்சென்று மின்னி, பாம்பையும் மிரட்டி, பல்பின் ஆயுளையும் குறைக்கும். பல்புக்கு ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட்டே வேண்டும். அமெரிக்காவில் பெயர் பெற்ற ஹெர்ப்ஸ்டாட் கருவி இதையெல்லாம் அழகாகச் செய்யும். விலை மூன்று நான்கு மடங்கு. பல்பு போடத் தீர்மானித்தவர் ஐ.டி.சி-308-ஐ வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஈரப்பதம் இந்தக் கருவியின் வேலை அல்ல. அதற்குத் தனி மீட்டர் தேவை. ஒட்டிவைக்கும் முள் மீட்டர்களை நம்ப முடியாது. டிஜிட்டல் மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்: ஒரு மூடியில் உப்புப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பைக்குள் இரவு முழுக்க மூடிவைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். பால் பைத்தானுக்கு 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. தரையில் பரப்ப நார்த்தூள் ஏற்றது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகளாகக் கப்பலேறும் அதே தென்னை நார்க்கழிவுதான். வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரம் நிற்காது. மூடியின் பெரும்பகுதியை மறைக்க வேண்டியிருக்கும். ஈரம் போதவில்லை என்றால் பாம்புச் சட்டை ஒரே உரியாக வராமல் துண்டு துண்டாகக் கழன்று, கண்ணின் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலப் பெட்டி. சூடான கோடியில் ஒன்று, குளிர்ந்த கோடியில் ஒன்று என உடம்பை ஒட்டிய இறுக்கமான மறைவிடங்கள். இவற்றோடு ஹீட் மேட்டையும் ஐ.டி.சி-308-ஐயும் மாட்டி, பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை வெறுமனே ஓடவிட்டு, காலையும் இரவும் எண்களைக் குறித்துக்கொள்வது நல்லது. எண்கள் நிலைக்காத பெட்டிக்குள் பாம்பை விடக் கூடாது. பாம்பு வந்த முதல் வாரம் கையில் எடுக்காமல், தண்ணீரை மட்டும் மாற்றி, அதன்பிறகு முதல் இரையைக் கொடுக்கலாம்.