எண்ணும்மையில் ஓர் ஊர்: புலம்பெயர் ஈழத்தமிழரின் மரண அறிவித்தல்

முன்னுரை

பிறப்பு, பூப்பு நீராட்டு, திருமணம், இறப்பு ஆகிய குடும்பச் செய்திகளை உற்றாருக்கும் ஊராருக்கும் அறிவிப்பது எல்லாச் சமூகங்களிலும் உள்ள வழக்கம். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளில் பெருந்தொகையாகக் குடியேறிய ஈழத்தமிழரிடையே இவ்வறிவித்தல்களுள் ஒன்று, தனக்கென இறுகிய மொழிநடையும் மாறாத வரிசையும் உடைய உரைநடை வடிவமாக நிலைபெற்றுள்ளது. அது மரண அறிவித்தல்.

புலம்பெயர் இலக்கியத்தை ஆராய்வோர் பெரும்பாலும் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றையே எடுத்துக்கொள்கின்றனர். எழுத்தாளர் அல்லாதோர் எழுதுவதும், இலக்கியம் வாசிக்காதோரும் சொல் விடாமல் வாசிப்பதுமான இவ்வடிவம் விளம்பரம் என்ற அளவில் ஒதுக்கப்படுகிறது. அதன் ஆற்றலும் அதன் எல்லையும் எண்ணும்மை என்னும் ஒரே இலக்கண உறுப்பில் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிதறிய ஓர் ஊரை ஒரே வாக்கியத்தில் மீண்டும் கூட்டிவைக்கிறது இவ்வடிவம். ஆனால் இருப்போர், இறந்தோர் என்ற இரு நிலைகளை மட்டுமே அது அறியும். போர் உண்டாக்கிய மூன்றாம் நிலையொன்றின் முன் அது தடுமாறுகிறது.

சொல்லுதலிலிருந்து அச்சுக்கு

யாழ்ப்பாணச் சமூகத்தில் இறப்பு நேரில் சொல்லப்பட்ட செய்தியாகும். இழவு சொல்லுதல் என்பது ஒரு கடமை. சொல்லப்படுதல் ஓர் உரிமை. முறையாகச் சொல்லப்படாத உறவினர் செத்தவீட்டுக்கு வராதிருப்பதும், அந்த மனத்தாங்கல் தலைமுறை கடந்து நீள்வதும் உண்டு. பறையொலி ஊருக்கு இறப்பை உணர்த்தியது. அப்பணி சாதியடிப்படையில் சிலர்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’, 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘ஈழநாடு’, 1985இல் தொடங்கிய ‘உதயன்’ ஆகிய நாளிதழ்களும் இலங்கை வானொலியும் இப்பணியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டன. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும் வேளையில் வீட்டார் வேலையை நிறுத்திக் காதுகொடுப்பது பலர் நினைவில் உள்ள வழக்கமாகும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் தமிழ் வானொலிகளும் வார இதழ்களும் தோன்றியபோது அவ்வழக்கம் அங்கும் தொடர்ந்தது.

ஊடகம் மாறினாலும் நேரில் சொல்லுதலின் நினைவு வடிவத்தை விட்டு நீங்கவில்லை. பெரும்பாலான அறிவித்தல்கள் ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என முடிகின்றன. செய்தியை அறிந்துகொள்ளுமாறு இத்தொடர் கேட்கவில்லை, ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறது. வீடு தேடி வந்து சொல்லவேண்டியதை அச்சில் சொல்ல நேர்ந்தமைக்கான பொறுத்தருளல் வேண்டுகோள் இது. ஆறு நாடுகளில் உள்ள உறவினர் வீட்டு வாசல்களுக்கு ஒருவரும் சென்றுவர இயலாத நிலையில், இந்த ஒரு வினைச்சொல் அந்த நடையை நடந்து முடிக்கிறது.

எண்ணும்மையின் இலக்கணம்

அறிவித்தலின் முதல் வாக்கியம் ஊர்ப்பெயரில் தொடங்குகிறது. ஆள்பெயர் பின்னரே வரும். ‘யாழ்ப்பாணம் வேலணையைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்பது அதன் பொது அமைப்பு. ஊரை முன்னிறுத்தி ஒருவரை அடையாளப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற பெயரில் ஊரும் சேரியும் ஆளுக்கு முன் நிற்கின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் ஊரோடு தொழிலும் சேர்கிறது. ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’, ‘முன்னாள் கிராம சேவையாளர்’ என்று அறிவித்தலில் பெயரை ஒட்டி வரும் குறிப்பு அம்மரபின் தொடர்ச்சியே.

புலம்பெயர்வு இவ்வமைப்பில் செய்த மாற்றம் ஊர்களின் எண்ணிக்கையில் தெரிகிறது. பிறப்பிடம், வாழ்விடம், தற்காலிக வசிப்பிடம், இறுதி வதிவிடம் என மூன்று, நான்கு இடங்கள் வரிசையில் நிற்கும் அறிவித்தல்கள் உண்டு. புங்குடுதீவு, கிளிநொச்சி, சென்னை, இலண்டன் என்ற வரிசையைப் படிக்கும் ஈழத்தமிழர், எழுதப்படாத ஒரு வரலாற்றையும் உடன் படிக்கின்றார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறிய பாதை, வன்னியில் கழிந்த ஆண்டுகள், கடல் கடந்த பயணம், அடைக்கலக் கோரிக்கை ஆகிய அனைத்தும் இரண்டு ‘உம்’களுக்கு இடையே உள்ளன. பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் என்ற அடுக்கில் இயங்குவினை இல்லை. ஏன் சென்றார், எவ்வாறு சென்றார், யார் விரட்டினார் என்ற கேள்விகளுக்கு அது இடந்தருவதில்லை. இடங்கள் சம மதிப்புடன் அருகருகே வைக்கப்படுகின்றன.

இதனைக் குறைபாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அகதி என்ற சொல் ஒருவரை அவர் இழந்த இடத்தால் அடையாளப்படுத்துகிறது. எண்ணும்மையோ அவரை அவர் வாழ்ந்த எல்லா இடங்களுக்கும் உரியவராக்குகிறது. அலுவலகப் படிவங்களில் ஒருபோதும் கிட்டாத அந்த உரிமை அவருக்கு இறுதி அறிவித்தலில் கிட்டுகிறது.

வாக்கியத்தின் முற்றுவினை ஒன்றே. சைவருக்கு ‘இறைவனடி சேர்ந்தார்’ அல்லது ‘சிவபதம் அடைந்தார்’, கிறித்தவருக்கு ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, பொதுவில் ‘காலமானார்’. பழைய நடுகற்களில் வீரனின் பெயரும் ஊரும் பூசலும் சொல்லப்பட்டபின் ‘பட்டான்’ என்ற ஒரு வினை வந்து கல்லை நிறைவு செய்வதை இங்கு ஒப்பிடலாம். இரண்டிலும் ஆளைச் சூழ்ந்த உலகம் விரிவாகவும் இறப்பு சுருக்கமாகவும் சொல்லப்படுகிறது.

உறவுப் பட்டியல்

இரண்டாம் வாக்கியம் ‘அன்னார்’ எனத் தொடங்கி ‘ஆவார்’ என முடிகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையில் ஒரு குலம் முழுவதும் நிற்கும். பெற்றோரின் அன்பு மகளும், கணவரின் பெற்றோருக்கு அன்பு மருமகளும், கணவரின் பாசமிகு மனைவியும், பிள்ளைகளின் பாசமிகு தாயாரும், மருமக்களின் மாமியாரும், உடன்பிறந்தோரின் சகோதரியும், மைத்துனர்களின் மைத்துனியும், பேரப்பிள்ளைகளின் அம்மம்மாவும் அப்பம்மாவும் என அடுக்கு நீள்கிறது. இறந்தவரின் இயல்பு, விருப்பு, சாதனை எதுவும் இங்கு இல்லை. அவை 31ஆம் நாள் அந்தியேட்டியில் வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூலுக்கு உரியன. அந்நூலில் வாழ்க்கை வரலாறும் திதி வெண்பாவும் சரமகவியும் இடம்பெறும். அறிவித்தலில் ஆள் என்பவர் உறவுகள் சந்திக்கும் புள்ளி மட்டுமே.

இப்பட்டியல் புலம்பெயர் நாட்டில் ஆவணமாகவும் பயன்படுகிறது. அங்கு பிறந்த பேரப்பிள்ளை தன் பாட்டியின் உடன்பிறந்தோர் யாவர், அவருள் எவர் எந்நாட்டில் உள்ளார் என்பதை முதன்முறையாக அறிவது பல குடும்பங்களில் இவ்வறிவித்தல் வழியாகவே. இறுதியில் வரும் தொடர்பு வரிசை ‘மகன் – கனடா, மகள் – பிரான்ஸ், சகோதரர் – இலங்கை’ என அமைந்து, குடும்பத்தின் நிலப்படமாகிறது. வேற்றினத்து மருமக்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ந்து, ‘அன்பு மாமனார்’ என்ற அதே சொல்லால் பிணைக்கப்படுகின்றன. திருமணத்தின்போது நிலவிய தயக்கம் எதுவாயினும் அறிவித்தல் அவர்களை வரிசைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

அடைப்புக்குறிக்குள் வரும் வீட்டுப்பெயரும் கருதத்தக்கது. செந்தமிழ் நடையில் இறுகிய அறிவித்தலுக்குள் ‘குஞ்சு’, ‘பேபி’, ‘ராசன்’ போன்ற அழைப்புப்பெயர் ஒன்று நுழைகிறது. பதிவுப்பெயரால் ஒருவரை அடையாளங்காணாத ஊரார் அவ்வொரு சொல்லில் அவரைக் கண்டுகொள்கின்றனர்.

வடிவம் மறைப்பவை

எண்ணிச் சொல்லும் வடிவத்தில் எண்ணப்படாமையே கடுமையான தீர்ப்பு. குடும்பத்தின் விருப்பை மீறி மணந்த மகள், மணமுறிவுக்குப்பின் விலகிய மருமகன், மறுமணத்தால் வந்த பிள்ளை ஆகியோரின் பெயர் விடுபடும்போது எவ்விளக்கமும் தேவைப்படுவதில்லை. ஊர் அதனை உடனே வாசித்துக்கொள்ளும். பெயர்கள் நிறைந்த பத்தியில் இல்லாத பெயரே உரக்க ஒலிப்பதுண்டு.

இறப்பின் காரணமும் இவ்வாறே மறைகிறது. ‘அகாலமரணமடைந்தார்’ என்ற ஒரே தொடர் விபத்தையும் தற்கொலையையும் கொலையையும் ஒருசேரப் போர்த்துகிறது. குடும்பத்தின் மானத்தைக் காப்பதற்கு இது உதவலாம். ஆயினும் புதிய நாட்டின் தனிமையிலும் கடன்சுமையிலும் இரவுப்பணியிலும் உடைந்துபோனோரைப் பற்றிச் சமூகம் பேசவேண்டிய இடத்தில் அச்சொல் பேச்சை முடித்துவைக்கிறது. பெண்களின் நிலையில் மற்றொரு மறைப்பு உண்டு. மகள், மனைவி, தாய் என்ற வரிசை நிறைவாக வரும். அவர் அயல்நாட்டில் செய்த துப்புரவுப் பணியோ தொழிற்சாலைப் பணியோ, அதன் ஊதியத்தால் ஊரில் எழுந்த வீடோ பெரும்பாலும் வருவதில்லை.

‘காலஞ்சென்ற’ என்ற அடைக்கு அப்பால்

உறவுப் பட்டியலை இரண்டாகப் பகுக்கும் சொல் ‘காலஞ்சென்ற’. அவ்வடை பெற்றோர் இறந்தோர். பெறாதோர் உயிருடன் இருப்போர். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போர் இவ்விரு வகைக்குள்ளும் அடங்காதோரை விட்டுச்சென்றது. கைதாகியோ கடத்தப்பட்டோ படையினரிடம் ஒப்படைக்கப்பட்டோ திரும்பிவராதோர் அவர்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் தாய் இறக்கும்போது அறிவித்தலை எழுதும் குடும்பத்தின் முன் சில வழிகளே உள்ளன. மகன் பெயரை விடுத்தால், விலக்கப்பட்ட பிள்ளையின் வரிசையில் அவன் சேர்ந்துவிடுவான். ‘காலஞ்சென்ற’ என எழுதினால், அத்தாய் இறக்கும்வரை ஏற்க மறுத்த ஒன்றை அவளது அறிவித்தலே ஏற்றுக்கொண்டதாகும். அடையின்றி எழுதினால் அவன் கிரியைக்கு வந்து கொள்ளிவைக்கவேண்டியவன். ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்ற அடையை இட்டால், வினையும் காரணமும் அறியாத அந்த அமைதியான அடுக்கில் செய்தவன் ஒருவனைச் சுட்டும் சொல் முதன்முறையாக நுழைகிறது. ‘காணாமற்போன’ என்பதற்கும் ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்தில் தன்வினை, செயப்பாட்டுவினை வேறுபாடு. குடும்பங்களுக்கு அது நீதி பற்றிய வேறுபாடு.

நினைவஞ்சலியிலும் இதே சிக்கல் எழுகிறது. ஒளிப்படத்தின் இருபுறமும் ‘தோற்றம்’, ‘மறைவு’ எனத் திகதிகள் இடும் அமைப்பில் இரண்டாம் திகதிக்கு என்ன எழுதுவது? திகதி இல்லையேல் திதி இல்லை; திதி இல்லையேல் அந்தியேட்டியும் இல்லை. இலங்கையில் 2016இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், இறப்புச் சான்றிதழுக்கு மாற்றாக, ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழுக்கு வழி செய்தது. அரசின் படிவத்தில் மூன்றாம் நிலைக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் சான்றிதழுக்காக அமரவில்லை; பிள்ளைகள் எங்கே என்பதே அவர்கள் கேட்டது. அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அறிவித்தலில் அந்த ஒரு பெயரின் முன் எழுதுகோல் நின்றுவிடுகிறது.

முடிவுரை

மரண அறிவித்தல் தேய்ந்த தொடர்களால் ஆனது என்பது அதன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. கையறுநிலைப் பாடல்களுக்கும் மரபுத்தொடர்கள் உண்டு. துயருற்றோர் தமக்கெனப் புதுச்சொல் தேடும் நிலையில் இருப்பதில்லை என்பதால் மரபு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. இவ்வறிவித்தலின் மரபு, பிரிந்தோரை ‘உம்’மால் கூட்டும் பணியைச் செவ்வனே செய்கிறது. எவர் கூட்டப்படவில்லை, எவரைக் கூட்ட இயலவில்லை என்பதை வாசிப்பது திறனாய்வின் பணி.

அவ்வாசிப்புக்கு மூலங்கள் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டபோது இழந்தவற்றை மீட்க இயலாது. நினைவு மலர்களை நூலகம் நிறுவனம் எண்ணிம முறையில் பேணிவருவது ஆறுதலளிப்பது. கல்வெட்டு வெளியிட வசதியற்ற குடும்பங்களுக்கு எஞ்சுவது ஓர் அறிவித்தல் மட்டுமே. வார இதழோடு எறியப்படும் அத்தாளை ஆய்வு நூலகங்கள் சேகரிக்கத் தொடங்கினால், ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு தலைமுறையின் வழியையும் உறவையும் அவர்களே எழுதிவைத்த சொற்களில் பின்வருவோர் காணமுடியும்.