கேபிஎஸ்: கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

கே.பி.சுந்தராம்பாளுக்குப் பாடத்தான் வரும், நடிக்க வராது என்று சொல்லும் ரசிகர்கள் எங்கள் இராஜபாளையத்திலும் உண்டு. அவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. அந்தக் குரலே நடிப்புதான் என்பது என் கட்சி.

இது விளங்க வேண்டுமானால் ஒரு ராத்திரி கண்விழித்து ஸ்பெஷல் நாடகம் பார்க்க வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்கு வள்ளி திருமணம் வைக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டுவிடும். இவர் ஒன்று பாட, அவர் அதை மடக்க, நேரம் போவதே தெரியாது.

இன்றைய வள்ளிக்கு மைக் இருக்கிறது. கேபிஎஸ் வள்ளியாக நின்ற காலத்தில் அது கிடையாது. காஸ் விளக்கு வெளிச்சத்தில், கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நடிகையின் முகமே சரியாகத் தெரியாது. வள்ளி கோபப்படுகிறாளா, கேலி செய்கிறாளா, வெட்கப்படுகிறாளா என்பதைக் குரல்தான் அவன் காதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் கேபிஎஸ். 1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே நாடகக் கம்பெனிக்குப் போனவர்.

எஸ்.ஜி.கிட்டப்பாவோடு அவர் ஜோடி சேர்ந்தது 1926இல், கொழும்பில். கிட்டப்பாவின் செங்கோட்டை எங்கள் ரயில் பாதையின் கோடியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் தாண்டித் தென்காசி வழியாகப் போக வேண்டும். இருவரின் பழைய இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும். கிட்டப்பா பிருகாக்களைப் பொழிந்துகொண்டு மேலே பறப்பார். இவர் ஒரே ஸ்வரத்தில் காலூன்றி நின்று, சொல்லை அழுத்தி, அர்த்தத்தைப் பிழிந்து கொடுப்பார். பாடகர் யார், நடிகை யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அவரையே மணந்துகொண்டார் கேபிஎஸ். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. கேபிஎஸ் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், சினிமாவுக்கு வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்துக்கு அது கேட்டறியாத தொகை. படத்தைக் கல்கி கிழித்துத் தொங்கவிட்டார். எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்திருந்தன என்கிற பாணியில் கேலி செய்தார். கேலி நியாயமாகவே இருக்கட்டும். மேடைக் குரலை என்ன செய்வது என்று அன்றைய சினிமாவுக்குத் தெரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

மேடையிலிருந்து திரைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச் 1957இல் ஓஃபீலியாவாக மேடையேறியவர். ஷேக்ஸ்பியர் வசனத்தைப் பால்கனி வரை எறிந்து பழகிய அவர், திரையில் அதே குரலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். சில நிமிடங்களே தோன்றிய ஒரு பாத்திரத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். கேபிஎஸ் அப்படிக் குரலைக் குறைத்துக்கொண்டவர் அல்ல. தன் குரலின் அளவுக்குத் தக்க பாத்திரம் வரும்வரை காத்திருந்தார். 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் பூம்புகாரின் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லோருமே துறவிகள், ஜோடி தேவைப்படாதவர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு பக்தை என்றதும் ஆண்டாள்தான் கண்முன் நிற்பாள். மாலை சூடி, மணக்கோலம் பூண்டு, இறைவனையே கணவனாக வரித்த பெண். கேபிஎஸ்ஸின் பெண்கள் அதற்கு எதிர்க்கரை. இளமை வேண்டாம், முதுமை கொடு என்று கேட்டவள் ஔவை. அழகை உதறிப் பேயுருவை வேண்டியவர் காரைக்கால் அம்மையார். இருபத்தைந்து வயதில் வெள்ளை கட்டிய ஒருத்தி இவர்களாகத் திரையில் நிற்கும்போது, வேடம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறாள் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1965இல் வந்த திருவிளையாடலில் கோபித்துக்கொண்டு பழனி மலையில் நிற்கும் முருகனை ஔவை சமாதானம் செய்யும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் வாக்கும் கலந்திருக்கிறது. பக்திப் பாட்டு என்று கேட்டுவிட்டுப் போகிறோம். அது தர்க்கம்! செல்லம் கொஞ்சுகிறார், இடித்துக் காட்டுகிறார், விட்டுக்கொடுக்கிறார், மறுபடியும் மடக்குகிறார். கை பெரிதாக அசையாது. முகத்திலும் அதிக மாற்றமில்லை. எல்லாம் குரலில் நடக்கிறது. வள்ளி வயதாகி ஔவையாக வந்து நிற்கிறாள், அவ்வளவுதான். துணைவன் படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதைக் கொடுத்தார்கள். நடிப்புக்கும் சேர்த்தே கொடுத்ததாக நான் வைத்துக்கொள்கிறேன். 1980இல் காலமானார்.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு நான் ஔவையாரைச் சொல்ல மாட்டேன். யானைக் கூட்டமும் பிரம்மாண்டமும் அதில் குரலோடு போட்டி போடுகின்றன. பூம்புகாரைப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கும் வழியில் கவுந்தியடிகள் வாய் திறக்கும்போது, ஒரு நிமிடம் திரையைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள்.