எந்தத் தண்ணியைத் தாங்கும்?

சி.ஆர். 1009 சப்-1 பற்றிப் பேசும் பலரும் 'வெள்ளத்தைத் தாங்கும் நெல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டெல்டாக்காரருக்கு வெள்ளம் ஒரே மாதிரியா வருது? என் சண்டை அந்த வார்த்தையோடுதான், நெல்லோடு இல்லை.

ஆய்வு அருமையானது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவை 2006-இல் டேவிட் மேக்கில், பமீலா ரொனால்டு குழுவினர் அடையாளம் காட்டினார்கள். முழுகிய பயிர் சாதாரணமாக மேலே எட்டிப் பார்க்க விறுவிறுன்னு நீளும். கையிருப்புச் சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 உள்ள பயிர் நீளாமல் அடங்கிக் கிடக்கும், மிச்சம் வைத்த சத்தில் பிறகு துளிர்க்கும். இந்தக் குணத்தை, மற்ற குணங்கள் கெடாதபடி, திரும்பத் திரும்ப ஒட்டுக்கட்டி நம்ம பொன்மணியில் ஏற்றினார்கள். (மரபணு மாற்றுப் பயிரான்னு கேட்கிறவர்களுக்கு: இல்லை.)

ஆனால் சோதிப்பது எப்படி? வழக்கமாக, இளம்பயிரைத் தொட்டியிலோ குட்டையிலோ இரண்டு வாரம் முழுக்கி, தண்ணீரை வடித்து, பிழைத்ததை எண்ணுவார்கள். வயலில் வருவதோ கலங்கல் தண்ணீர். அதில் வெளிச்சம் இறங்காது, பிழைப்பதும் குறையும்.

திருவையாறு மேட்டு டெல்டா. கிழக்கே கடைமடைக்கு, தலைஞாயிறு பக்கம் போனால் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயிர் முழுகாமல், பாதி உயரத் தண்ணியிலேயே நாள்கணக்கா நிக்கும். அங்கே நீள்வதுதான் பயிருக்குப் பிழைப்பு; அடங்கிக் கிடப்பது உதவாது. காட்டுயானம் மாதிரி நெட்டை நெல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது அதனால்தான். மகசூல் குறைவு என்பது வேறு விஷயம். தேங்குநீரை ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். விதை வாங்கப் போகிறவர் காதில் விழுவது 'வெள்ளம்' மட்டும்.

மூன்றாவது தண்ணி ஒன்று இருக்கு. 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்து மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. சப்-1க்கு அங்கே வேலையே இல்லை. அதற்கு விதை உறக்கமும் தண்டு உறுதியும் வேணும்.

விதைச் சாக்கில் மூணு விவரம் அச்சடித்தால் போதும்: எந்தப் பருவத்தில், எத்தனை நாள், எவ்வளவு ஆழம். கூடவே கடைமடை விவசாயி வயலில் கலங்கல் தண்ணியில் எடுத்த மகசூல் கணக்கும். பிழைத்த பயிர் எண்ணிக்கை இல்லை, மூட்டைக் கணக்கு.