நீக்கப்பட்ட கடைசி வாக்கியம்

1525-ல் ஜெர்மன் நிலங்களில் வெடித்த உழவர் போரைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் குந்தர் ஃப்ரான்ஸைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ‘ஜெர்மானிய உழவர் போர்’ 1933-ல் வெளிவந்தது. கலகம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பரவியது, யார் என்ன கோரிக்கை வைத்தார்கள் என்று ஆவணக் காப்பகங்களில் கிடந்து தேடி எழுதிய புத்தகம். அரை நூற்றாண்டு கடந்தும் மறுபதிப்பு வந்துகொண்டிருந்தது.

புத்தகத்தின் பலம் ஒரு எளிய வேறுபாட்டில் இருக்கிறது. ‘எங்க தாத்தா காலத்துல இந்தக் காட்டுல விறகு எடுத்தோம், இப்போ ஏன் தடுக்கிறீங்க?’ என்று கேட்பது ஒரு வகைக் கலகம். ஃப்ரான்ஸ் இதைப் பழைய சட்டத்துக்கான போராட்டம் என்கிறார். இந்தக் கேள்வியை உன் பிரபுவிடம் மட்டும்தான் கேட்க முடியும். பக்கத்து ஊர்க்காரனின் வழக்கம் வேறு, அவன் பிரபுவும் வேறு. ஆனால் ‘கடவுள் எல்லாரையும் சுதந்திரமாகத்தானே படைத்தார்?’ என்று கேட்டுவிட்டால் எல்லை உடைந்துவிடும். மார்ச் 1525-ல் மெமிங்கனில் உருவான பன்னிரண்டு கோரிக்கைகள் அப்படிப்பட்டவை. கிறிஸ்து எல்லாரையும் ரத்தம் சிந்தி மீட்டிருக்கும்போது நாங்கள் மட்டும் எப்படி அடிமைகள் என்று பைபிளைக் காட்டிக் கேட்டார்கள். வழக்கத்திலிருந்து தெய்வ நீதிக்கு நகர்ந்த அந்தக் கணம்தான் உள்ளூர்ச் சச்சரவைப் பெரும் போராக்கியது. எங்கெல்ஸ் 1850-ல் இதே போரை வர்க்கப் போராட்டமாக வாசித்தார். ஃப்ரான்ஸுக்கு இது தன்னாட்சியுள்ள கிராம சமூகமும் வளர்ந்துவரும் சிற்றரசும் மோதிய அரசியல் போர். எனக்கு ஃப்ரான்ஸின் வாசிப்புதான் கூர்மையாகப் படுகிறது. சொல்லவே சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஏன் சங்கடம்? முதல் பதிப்பு முடியும் இடத்தைப் பாருங்கள். 1525-ல் உழவன் ஆசைப்பட்ட இடம் மூன்றாம் ரைஹில் அவனுக்குக் கிடைத்துவிட்டது என்ற பொருளில் முடிகிறது. இது பயந்துபோய் ஒட்டவைத்த வரி இல்லை. அதே 1933-ல் ஃப்ரான்ஸ் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், பிறகு எஸ்எஸ்ஸிலும். ஹைடல்பர்க், யேனா என்று பேராசிரியர் பதவிகள் வந்தன. 1941-ல், ஜெர்மனி பிடித்துக்கொண்ட ஸ்ட்ராஸ்பர்கில் நாஜிகள் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குப் போனார். எஸ்எஸ்ஸின் ‘எதிரிகள்’ பற்றிய ஆய்வுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. போர் முடிந்ததும் பதவி போனது. 1957-ல் ஹோஹன்ஹைமில் வேளாண் வரலாற்றுப் பேராசிரியராகத் திரும்பினார். 1963 முதல் 1967 வரை அங்கேயே ரெக்டர்! 1992-ல் இறந்தார். நாஜி காலத்தில் வரலாற்றாசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் மாநாடு பகிரங்கமாகச் சண்டை போட்டது 1998-ல்.

போருக்குப் பிந்தைய பதிப்புகளில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. சரி, தூக்கிட்டாங்க. புத்தகம் சுத்தமாயிடுச்சா?

‘எழுத்தாளன் வேறு, எழுத்து வேறு’ என்ற நம் வழக்கமான சண்டை இங்கே உதவாது. அவர் எஸ்எஸ்ஸில் இருந்தார் என்பதால் காப்பகத் தாள்கள் பொய்யாகிவிடாது. முப்பதாண்டுப் போரைப் பற்றி 1940-ல் அவர் எழுதிய புத்தகம் ஜெர்மன் நாட்டுப்புறத்தில் 40 சதவீதமும் நகரங்களில் 33 சதவீதமும் மக்கள் அழிந்ததாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கை எதிர்த்தவர்கள் உண்டு. ஆனாலும் அதைத் தொடாமல் இன்றும் யாரும் விவாதத்தைத் தொடங்குவதில்லை. பிரச்சினை தகவலில் இல்லை, கதையின் வடிவத்தில் இருக்கிறது.

தோற்ற உழவன் ஏறத்தாழ முன்னூறு ஆண்டுகள் தேசத்தின் வாழ்விலிருந்தே காணாமல் போனான் என்பது ஃப்ரான்ஸின் முடிவு. இதை நீக்கவில்லை. நீக்கிய வாக்கியத்துக்குத் தளம் போட்டதே இதுதானே? ஒருவன் முன்னூறு ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்தால்தான் அவனைத் தூக்கி நிறுத்த ஒரு மீட்பர் தேவைப்படுவார். மீட்பரின் பெயரை அடித்துவிட்டார்கள். அவருக்கான நாற்காலி அப்படியே கிடக்கிறது.

அந்த நாற்காலியை அகற்றியது அறச்சீற்றம் இல்லை, இன்னும் அதிகமான காப்பக வேலை. பீட்டர் பிளிக்லே 1975-ல் இந்தப் போரைச் சாமானியர்களின் புரட்சி என்று எழுதினார். ஃப்ரான்ஸ் காட்டிய அதே கிராம சமூகத்தை எடுத்துக்கொண்டு, வலிமையான ரைஹை நோக்கி அல்ல, கீழிருந்து எழும் தன்னாட்சியை நோக்கித் திருப்பினார். வின்ஃப்ரீட் ஷூல்சே செய்ததோ இன்னும் அடக்கமான வேலை. 1525-க்குப் பிறகு உழவர்கள் என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்தார். அவர்கள் சும்மா இருக்கவில்லை. வரி கட்ட மறுத்தார்கள். காசு திரட்டி வக்கீல் வைத்தார்கள். ஸ்பையரில் இருந்த பேரரசு நீதிமன்றத்தில் சொந்தப் பிரபுக்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள். சில வழக்குகள் தலைமுறை தாண்டியும் இழுத்தன. சிலவற்றில் ஜெயிக்கவும் செய்தார்கள்.