இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கில் உள்ள பிழை

2017ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு, இலங்கை உலர் வலயத்தின் குளத்தொடர்களை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது சரியே. அதற்குப் பிறகு பெருகியிருக்கும் பேச்சுத்தான் சரியில்லை. புனரமைத்த குளத்தைக் கையளிக்கும் மேடைகளிலும் பாடசாலைக் கண்காட்சிகளிலும் சிறப்பு மலர்களிலும் அது ஒரே வடிவத்தில் வருகிறது: முன்னோர் கட்டிய குளங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நீர் தருகின்றன, இன்றைய சீமெந்து வேலையோ முப்பது ஆண்டில் வெடித்துப்போகிறது. இந்தப் பேச்சுக்கு உரோமரும் துணைக்கு அழைக்கப்படுகிறார்கள். உரோமக் கொங்கிறீற்றில் உள்ள வெண்சுண்ணக் கட்டிகள், வெடிப்பில் நீர் புகும்போது கரைந்து அந்த வெடிப்பையே அடைத்துவிடும் என்று 2023இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழங்காலக் கட்டுமானம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அதிலிருந்து அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

குளம் கட்டிய கலையின் உயர்வை மறுப்பதற்கில்லை. உலர் வலயத்தின் வடபகுதியான வன்னி பெரும்பாலும் சமதரை. அந்த நிலத்தின் மெல்லிய சரிவைப் பிடித்து, குறைந்த நீளக் கட்டில் கூடிய நீர் நிற்கும் இடத்தைத் தேர்ந்தவர்கள் தேர்ந்த நிலஅளவையாளர்கள். மேற்குளத்தின் மிகுநீர் வயலைக் கடந்து கீழ்க்குளத்தில் சேரும். ஒரே மழை பல ஊர்களுக்குப் பயன்படும். துருசின் அமைப்பு இன்னும் நுட்பமானது. கட்டுக்குள்ளே கல்லாலோ பெருஞ்செங்கல்லாலோ ஒரு சதுரக் கிணறு. குளத்து நீர் அந்தக் கிணற்றுக்குள் வந்து, அங்கே கட்டுப்படுத்தப்பட்டு, வேகம் தணிந்து வாய்க்காலுக்குப் போகும். சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் இந்த அமைப்பைக் கண்டு, நீர்ப்பாசனப் பொறியியலாளரான எச். பார்க்கர் வியந்தார். 1909இல் வெளிவந்த ‘ஏன்சியன்ட் சிலோன்’ நூலில், வன்னியின் வவுனிக்குளத்தையும் பாவற்குளத்தையும் தீவின் மிகப் பழைய நீர்ப்பாசன வேலைகளுக்குள் வைத்தார். அந்த வியப்புக்கு முழுக் காரணமும் உண்டு.

ஆனால் ஆண்டுக் கணக்கு பிழையானது.

வவுனிக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். பாலியாற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளத்தை மகாவம்சம் குறிப்பிடும் பெலிவாபி என்று பார்க்கர் அடையாளப்படுத்தினார். அதை ஏற்றுக்கொண்டால் குளத்தின் வயது இரண்டாயிரத்துக்கு மேல். அந்த வயதில் குளம் உயிரோடு இருந்த காலம் எவ்வளவு? 13ஆம் நூற்றாண்டை ஒட்டி வடமத்தியப் பகுதியின் இராச்சியம் சிதைந்து மக்கள் பெயர்ந்தபின், உலர் வலயத்தின் பெருங்குளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ஜே. பி. லூயிஸ் தமது வன்னி மாவட்டக் கையேட்டை வெளியிட்ட 1895இல், வன்னியின் பல குளங்கள் உடைந்த கட்டோடு காட்டுக்குள் கிடந்தன. காய்ச்சலும் பரங்கிப் புண்ணும் எஞ்சிய ஊர்களையும் தேய்த்துக்கொண்டிருந்தன. வவுனிக்குளம் மறுபடி நீர் பிடித்தது 1950களில், நீர்ப்பாசனத் திணைக்களம் அதைத் திருத்திக் கட்டிக் குடியேற்றத் திட்டம் அமைத்தபோதுதான். இன்று துணுக்காய்ப் பக்கத்து வயல்களுக்குப் பாயும் நீரைத் தாங்கி நிற்பது பழைய தடத்தின்மேல் எழுப்பிய 20ஆம் நூற்றாண்டுக் கட்டு. வன்னியின் மிகப் பெரிய குளமான இரணைமடுவோ அந்த வயதைக் கூடக் கோர முடியாதது. அது ஆங்கிலேயர் காலத்தில் 1902இல் தொடங்கிய வேலை.

உடைந்து கிடந்த நூற்றாண்டுகளையும் உழைத்த நூற்றாண்டுகளோடு சேர்த்துக் கூட்டினால்தான் அந்த இரண்டாயிரம் வரும்.

கட்டு ஏன் உடைந்தது என்று கேட்டால், போரும் படையெடுப்பும் நோயும் என்று பதில் வரும். தொழில்நுட்பத்தில் குறையில்லை, வரலாறுதான் கெடுத்தது என்பது மரபைப் போற்றுவோர் வழக்கமாக முன்வைக்கும் வாதம். அது பாதி உண்மை. குளக்கட்டு மண்ணால் ஆனது. மண்கட்டின் இயல்பே மனிதக் கை அகன்றதும் அழியத் தொடங்குவதுதான். மாடு ஏறியிறங்கும் ஒற்றையடித் தடம் ஒவ்வொரு மாரியிலும் சற்று ஆழமாகும். கட்டின் முகடு அந்த இடத்தில் ஒரு முழம் தாழ்ந்தால், பெருமழையில் வான் பாய வேண்டிய நீர் அந்தப் பள்ளத்தால் பாயும். முகட்டைத் தாண்டி வழியத் தொடங்கிய மண்கட்டு சில மணி நேரத்தில் அறுந்துபோகும். கட்டில் முளைத்த மரம் நிற்கும்வரை அழகு. அது பட்டு வேர் உக்கியதும் வேர் இருந்த இடமெல்லாம் குழாய். கறையான் புற்றும் உடும்பு வளையும் அதே வேலையைச் செய்யும். துருசின் கல்லும் கட்டின் மண்ணும் சேரும் இடத்தில் ஊறும் நீர் மெல்ல மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். இவை எல்லாம் கூரை மேயாத வீடு ஒழுகுவதைப் போல இயல்பான காரியங்கள். இவற்றைத் தடுக்க ஆண்டுதோறும் ஆள் வேண்டும். ஊர் கலைந்தால் கட்டும் கலையும் என்பது இந்தத் தொழில்நுட்பத்துக்கு உள்ளேயே இருக்கும் குணம். வரலாற்றின் மீது மட்டும் பழியைப் போட இயலாது.

தொடரமைப்பு இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. நல்ல காலத்தில் மேற்குளத்தின் நீர் கீழ்க்குளத்துக்கு வரம். மேற்குளம் உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் கீழே இருக்கும் அடுத்த கட்டின் மேல் ஒரே இரவில் வந்து மோதும். ஓர் ஊரின் அசட்டையை அடுத்த ஊர் சுமக்க வேண்டும். குளத்தொடரைப் புகழும் கட்டுரைகளில் நீர் பகிரப்படுவதைச் சொல்லும் பக்கங்கள் ஏராளம். இந்தப் பக்கம் அரிதாகவே வருகிறது.

உரோமரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அந்தச் சாட்சியை முழுதாகக் கேட்க வேண்டும். எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த கொங்கிறீற்றால் 43 மீற்றர் விட்டத்தில் எழுப்பிய பந்தியன் மாடம் இன்றும் நிற்கிறது, உண்மை. ஆனால் குளத்தோடு ஒப்பிட வேண்டியது மாடத்தையல்ல, நீர் கொண்டுவந்த கால்வாய்களை. உரோமின் பெருமைகளுள் ஒன்றான குளோடியா நீர்க்கால்வாய் கி.பி. 52இல் திறக்கப்பட்டது. சுமார் பத்து ஆண்டில் அது நின்றுபோனது. ஒன்பது ஆண்டுகள் பழுதாய்க் கிடந்ததை 71இல் தான் சீர்செய்ததாகப் பேரரசன் வெஸ்பாசியன் கல்லில் வெட்டிவைத்தான். அடுத்த பத்தாண்டுக்குள், அது அடியோடு சிதைந்துவிட்டதால் தான் மறுபடி கட்டியதாக அவன் மகன் தீத்தசும் வெட்டிவைத்தான். உரோம நகரின் போர்த்தா மச்சோரே வாயிலில் கால்வாயைத் திறந்த பேரரசனின் எழுத்தும் இந்த இருவரின் எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பழுதையும் அதைத் திருத்தியதையும் மறைக்காமல் கல்லில் பதித்தார்கள்.

97இல் உரோமின் நீர் அதிகாரியாகப் பதவியேற்ற புரொந்தினுசு, கால்வாய்களைப் பராமரிக்க 700 அடிமைகள் கொண்ட நிரந்தரப் படை இருந்ததை எழுதிவைத்திருக்கிறார்: மேற்பார்வையாளர், தொட்டிக் காவலர், கல் பதிப்போர், பூச்சு வேலைக்காரர் என்று பிரித்து. அந்த ஆட்கள் இல்லாமல் போனதும் நடந்தது என்ன என்பதற்குப் பிரான்சின் நீம் நகரக் கால்வாயே சான்று. அதன் ஒரு பகுதியான கார் ஆற்றுப் பாலம் ஏறத்தாழ 49 மீற்றர் உயரத்தில் உலகம் வியக்க நிற்கிறது. மேலே ஓடிய வாய்க்காலைச் சுரண்டித் துப்புரவாக்க ஆள் அற்றுப்போனபின் சுண்ணப் படிவு ஏறி அது அடைபட்டுப்போனது. பாலம் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

இலங்கையில் அந்த 700 பேரின் இடத்தில் இருந்தது இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம். காணி வைத்திருந்தவன் ஆண்டில் இத்தனை நாள் குளத்துக்கு உழைத்தே ஆக வேண்டும். 1832இல் ஆங்கிலேயர் அதை ஒழித்தார்கள். ஒழித்தது நியாயமே, ஆனால் குளத்தின் பராமரிப்புக்கு வேறு ஏற்பாடு ஏதும் வைக்கவில்லை. குளங்கள் மேலும் பாழாயின. 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், பழைய ஊர்வழக்குகளைச் சட்டமாக்கும் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான்: கட்டும் அறிவு தொடர்ந்து இருந்தாலும், கட்டைக் காக்கும் நிர்வாகம் அற்ற நாளில் குளம் அற்றது. தமிழகத்தில் இதை முன்பே தெளிவாக அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919ஐயும் 921ஐயும் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்வுசெய்யும் முறையை விரிவாகப் பேசுகின்றன. ஏரி எவ்வளவு பழையது என்ற பெருமிதம் அங்கே இல்லை. யார் வாரியத்தில் அமரலாம், யார் அமரக்கூடாது என்பதே அங்கு பேச்சு.

மேடைப் பேச்சில்தானே பிழை, அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இருக்கிறது. 2009இல் போர் முடிந்தபின் மீளக்குடியமர்ந்த மக்கள் வன்னியில் கண்ட குளக்கட்டுகள் புதர்மண்டிக் கிடந்தன. அரசும் வெளிநாட்டு உதவித் திட்டங்களும் அவற்றைத் திருத்தப் பணம் தந்தன. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது ஒருமுறைப் பணம். பெக்கோவும் டிப்பரும் வரும், கட்டு உயரும், துருசுக்குப் புதிய கதவு வரும், பெயர்ப்பலகை நடப்படும். தூர்வாருகிறோம் என்று அலைகரைக்குள் இறங்கும் இயந்திரம், நீரைப் பிடித்துவைக்கும் களிப்படையையே கிழித்துக் கீழே மணலைத் தொட்டுவிட்டால், ஆழமான குளம் சீக்கிரம் வற்றும் குளமாகிவிடும். அதைக் கவனித்து நிறுத்தவும் ஊரில் ஆள் வேண்டும். குளம் தானே இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தது என்று நம்பும் ஒரு நிர்வாகத்துக்கு, மூன்றாம் ஆண்டில் புதர் வெட்ட ஒரு தொகை ஒதுக்கத் தோன்றாது.

சட்டப்படி 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அங்கே நாளாந்தப் பராமரிப்பின் பாரம் கமக்காரர் அமைப்பின் தோளில். காலபோகத்துக்கு முன் பங்குக்கு இத்தனை முழம் என்று கட்டைத் துப்புரவாக்குவது பழைய வழக்கம். இப்போது பல குடும்பங்களில் அந்த முழங்களை வெட்ட ஆள் இல்லை. இளைஞர் கூலிவேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். போரில் கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பெண்ணிடம் சிரமதானத்துக்கு வரச் சொல்லிவிட்டு, மேடையில் முன்னோரின் அழியாத் தொழில்நுட்பத்தைப் புகழ்வது அவளுடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும்.

பழமை எந்தக் கட்டையும் காப்பதில்லை. அக்கபோதி மன்னன் பெயரோடு சொல்லப்படும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புதுமையும் தனியே காப்பதில்லை. இரணைமடு பெருஞ்செலவில் புனரமைக்கப்பட்டு 2018 டிசம்பர் தொடக்கத்தில் கையளிக்கப்பட்டது; அதே மாதப் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது எழுந்த கேள்வி கட்டின் வலிமை பற்றியதல்ல. வான்கதவுகளை எந்த மணிக்குத் திறந்திருக்க வேண்டும், யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. விசாரணையும் அதைச் சுற்றியே நடந்தது.

குளத்தொடருக்குக் கிடைத்த உலக அங்கீகாரம் பயன்தர வேண்டுமென்றால், அடுத்த கையளிப்பு விழாவுக்கு முன்னரே ஒரு தாளில் சில விடயங்கள் எழுதப்பட வேண்டும்: கட்டை ஆண்டுக்கு எத்தனை முறை யார் நடந்து பார்ப்பது, புற்றையும் வளையையும் கண்டால் எத்தனை நாளுக்குள் மண் அடிப்பது, உழைக்க வர முடியாத வீட்டின் பங்குக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வருவது, மேற்குளத்துக் கமக்காரர் அமைப்பு தன் வான் நிலையைக் கீழ்க்குளத்துக்கு எப்படி அறிவிப்பது. பெயர்ப்பலகையில் பிரதிநிதிகளின் பெயருக்குக் கீழே, அந்தக் கட்டு உடைந்த ஆண்டுகளும் திருத்திய ஆண்டுகளும் பொறிக்கப்படட்டும்.