வட்டமாக அமர்ந்தால் போதுமா?

முதியோர் கல்வி பற்றி நம் சமூகப் பணி மையங்களில் பேச்சு எழும்போதெல்லாம் பவுலோ பிரையரின் பெயரும் உடன் எழும். பிரேசில் நாட்டவரான அவர் 1968இல் எழுதி முடித்த ‘ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை’, ஆசிரியர் போடுபவராகவும் மாணவர் வாங்கி வைப்பவராகவும் இருக்கும் கல்வியை வங்கிக் கணக்குக்கு ஒப்பிட்டுக் கண்டித்த நூல். கற்பிப்பவரும் கற்பவரும் ஒருவரோடொருவர் உரையாட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. நம் பயிற்சி முகாம்களில் அனைவரையும் வட்டமாக அமர்த்தும் வழக்கத்துக்கு அதுவே ஊற்று. திண்டுக்கல் சமவெளியிலிருந்து அந்நூலை மீண்டும் படிக்கையில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த வட்டத்தை எந்தத் தெருவில் போடுவது?

1947இல் காந்திகிராமம் தொடங்கப்பெற்ற இம்மண்ணுக்கு முதியோர் கல்வி புதிதன்று. ஆனால் ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பகுதிச் சிற்றூர்களை அறிந்தவர்க்கு மேற்கண்ட கேள்வி சிறியதன்று. ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம். மந்தையில் வகுப்பு வைத்தால் காலனிப் பெண்கள் தயங்குவர். காலனியில் வைத்தால் ஊர்ப் பெண்கள் வாரார். இரண்டிடத்தும் தனித்தனியே வைத்தால் எழுத்தறிந்தோர் எண்ணிக்கை உயரும். பிரிவினையும் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும். பிரையர் வறுமையை நன்கறிந்தவர். 1964இல் இராணுவ ஆட்சியால் சிறைப்பட்டு, பின் நாடு கடந்து வாழ்ந்தவர். எனினும் ஏழையும் ஏழையும் ஒரே குவளையில் நீர் அருந்தாத சமூகம் அவர் நூலில் இல்லை. அதற்காக அவரைக் குறைகூறுதல் முறையன்று. அதை அப்படியே பயிற்சி ஏடாக்கிக் கொண்ட நம்மீதே குறை.

தம் நூலின் மொழி ஆண்களை மட்டுமே மனிதராகக் கொண்டு நடந்ததைப் பெண் வாசகர்கள் கடிதம் வழியே சுட்டிக்காட்டியதையும், அவர்களுக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் ‘நம்பிக்கையின் கல்விமுறை’யில் பிரையரே எழுதினார். அது வெளிவந்த அதே 1992இல்தான் மதுரையிலிருந்து பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. கல்வி முறை பற்றிய நூலாக அதை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. நாம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

அதில் பலரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. முதலாளிக்குரிய பொட்டலம் தீட்டுப்படலாகாது என்பதற்காக அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு அற்றுப்போகிறது. இக்காட்சியில் படிப்பறிவு யாருக்கு உண்டு? தெருவையும் அதன் சட்டத்தையும் ஓர் எழுத்து விடாமல் படித்து வைத்திருப்பவர் அந்தப் பெரியவர். பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கோ அது எழுத்தாகவே தெரியவில்லை. கரும்பலகையோடு சிற்றூருக்குச் செல்லும் நம் தொண்டர்களுள் பலர் அந்தச் சிறுமியின் நிலையிலேயே நிற்கின்றனர். அவர்களுக்கு விளக்கும் அண்ணன்தான் இல்லை.

அதே நூலில், தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தி மாணவியைப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் விரட்டுகிறார். மீண்டும் சேரக் கடிதம் வாங்கப் பங்குத் தந்தையிடம் சென்றால் அவரும் சேரிப் பிள்ளைதானே என்று ஐயுறுகிறார். இப்பக்கங்களை நாம் விரைந்து புரட்டிவிடலாகாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. பாமா அதைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். ‘கருக்கு’ வழிமுறை தருவதில்லை என்பது உண்மை. அதற்குப் பிரையர் வேண்டும். ஆனால் ஆசிரியர் எதிரே அமர்ந்திருப்பவர்க்கு எப்படித் தோன்றுகிறார் என்பதைப் பிரையரைவிட அது துல்லியமாகக் காட்டுகிறது.

மொழியும் இதில் சேர்ந்தது. ‘கருக்கு’வின் பேச்சு நடையைக் கொச்சை என்று முகம் சுளித்தோர் உண்டு. (இக்கட்டுரையின் நடையும் அவர்கள் பக்கமே நிற்கிறது என்பதை நாம் அறியாமலில்லை.) திண்டுக்கல் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள் பல. அத்தகைய மூதாட்டி ஒருவர் தமிழ்ப் பாடத்தைத் தயங்கித் தயங்கிப் படிக்கையில் தொண்டர் உதட்டோரம் புன்னகைத்தால், மறுநாள் அவர் வருவது ஐயமே. அறிவொளி இயக்கப் பாடநூலின் தொடக்கச் சொற்களுள் ஒன்று ‘பட்டா’. நல்ல தேர்வு. ஆனால் பட்டா உள்ளவரும், பரம்பரையாகப் பட்டா இல்லாதவரும் அச்சொல்லை ஒரே குரலில் வாசிப்பதில்லை. அந்த வேறுபாட்டைக் கேட்கும் செவியைத் தொண்டருக்குத் தருவதே பயிற்சி.

சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் இயேசு உரையாடலைத் தொடங்கியது போதனையால் அன்று, தண்ணீர் கேட்டதால். யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. கொடுக்க வந்தவர் முதலில் பெறுபவராகிறார். அவள் குடத்து நீரை ஏற்க அவர் ஆயத்தமாயிருந்தார் என்பதே அப்பெண்ணை வியக்கச் செய்தது.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் ஊதியமில்லாத் தன்னார்வலர்களையே நம்பியிருக்கிறது. நம் பங்குகளின் இளைஞர்களும் அப்பணிக்குச் செல்லக்கூடும். அவர்களுக்கான முகாம்களை மறைமாவட்ட மையக் கூடத்திலன்றிக் காலனியில் நடத்தலாம். நண்பகல் உணவும் அங்குள்ள வீடுகளில் சமைத்ததாக இருக்கட்டும். முதல் அமர்வில் பொட்டலக் காட்சியை மட்டும் வாசித்து, அண்ணனின் விளக்கத்துக்கு முன்பே நிறுத்தி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கலாம்.